அந்தத் தேதியைக் குறித்தது யார்?

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது. பள்ளி வாசலில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பலகை இருக்கிறது. அதில் தினமும் நாலு வரி எழுதுவது அவர் பொறுப்பு. மார்ச் 8-க்கு எழுத உட்கார்ந்தபோது மகளிர் தினம், மலேசியாவின் 2008 பொதுத்தேர்தல், 2014-இல் எம்.எச். 370 விமானம் காணாமல் போனது என்று வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. "அந்த நாளே ஆகாத நாளா டீச்சர்?" என்று ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டானாம். எட்டு என்றால் சனி என்று ஒரு பெற்றோர் எண்கணிதமும் சொல்லிவிட்டாராம். ஒரே தேதியில் பெரிய நிகழ்ச்சிகள் வந்து சேர்வதற்குக் காரணம் உண்டா, இல்லை எல்லாம் தற்செயலா, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார்.

டீச்சர், நாள் தானாக எதையும் இழுத்து வருவதில்லை. ஒரே தேதியில் இரண்டு பெரிய சம்பவங்களைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இந்தத் தேதியை யாராவது உட்கார்ந்து குறித்தார்களா என்பதுதான். பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், எந்த நாட்காட்டிப்படி, எந்த ஊர்க் கடிகாரப்படி அது அந்தத் தேதி என்று பார்ப்பேன். அதிலும் தப்பிப் பிழைத்து நிற்பதுதான் உண்மையான தற்செயல். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் மார்ச் 8-லிருந்தே தொடங்கலாம். மகளிர் தினம் 1911-இல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டபோது தேதி மார்ச் 19. பின்னால்தான் மாறியது. 1917-இல் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் நெசவாலைப் பெண்கள் மகளிர் தினத்தன்று ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அதிலிருந்து கிளம்பிய புரட்சி ஒரே வாரத்தில் ஜார் மன்னரை வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 23, மற்ற நாடுகளில் மார்ச் 8. அந்தப் போராட்டத்தின் நினைவாகத்தான் மகளிர் தினம் மார்ச் 8 என்று நிலைத்தது. ஐ.நா. 1975-இல் வந்து சேர்ந்துகொண்டது. ஆக ரஷ்யப் புரட்சி தொடங்கிய நாளும் மகளிர் தினமும் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது.

2008 தேர்தல் வேறு கதை. நாடாளுமன்றம் பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. தேர்தல் ஆணையம் ஒரு சனிக்கிழமையைப் பார்த்துக் குறித்தது. வார இறுதியில் வாக்களிப்பு வைப்பது இங்கே வழக்கம்தான், சனி பகவானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 1969-க்குப் பிறகு முதல்முறையாக மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு, சிலாங்கூர், பேராக், கெடா நான்கு மாநிலங்களும் எதிர்க்கட்சிகளின் கைக்குப் போயின. பினாங்கில் இந்தியர் ஒருவர், பேராசிரியர் பி. ராமசாமி, முதல்முறையாகத் துணை முதலமைச்சர் ஆனார். சுங்கை சிப்புட்டில் 1974 முதல் அசையாமல் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு தோற்றார். இதில் பலர் கவனிக்காத ஒன்று, சாமிவேலு பிறந்ததே 1936 மார்ச் 8. தம் 72-ஆவது பிறந்தநாளன்று தொகுதியை இழந்தார். பலகையில் இதையும் எழுதியிருந்தால் உங்கள் பையன்கள் இன்னும் மிரண்டிருப்பார்கள்.

எம்.எச். 370-ஐப் பொறுத்தவரை கடிகாரத்தைப் பாருங்கள். 239 பேரோடு அது கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து கிளம்பியது மலேசிய நேரப்படி மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12:42. அனைத்துலக நேரப்படி அது மார்ச் 7, மாலை 4:42. விமானப் போக்குவரத்து உலகம் முழுக்க அந்த நேரத்தைத்தான் பதிவேட்டில் எழுதும். லண்டனில் அப்போது வெள்ளிக்கிழமை பிற்பகல். கடைசி வானொலிப் பேச்சு நம் நேரம் 1:19-க்கு, அதுவும் அவர்களுக்கு 7-ஆம் தேதிதான். செயற்கைக்கோளுடன் நடந்த கடைசித் தொடர்பு காலை 8:19-க்கு, அப்போதுதான் லண்டனிலும் 8 பிறந்திருந்தது. விமானம் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் நாமும் 7 என்றே எழுதியிருப்போம், எட்டாம் எண் கதை பிறந்திருக்காது.

சரி, இனி குறிக்கப்பட்ட நாட்களுக்கு வருகிறேன். நம் கோலாலம்பூரே நல்ல உதாரணம். பிப்ரவரி 1 என்றால் நமக்குக் கூட்டரசுப் பிரதேச தினம், விடுமுறை. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிடமிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதற்குச் சரியாக இரண்டு ஆண்டு முன்னால், 1972 பிப்ரவரி 1 அன்று, அதற்கு மாநகர் தகுதி கிடைத்தது. இன்னும் பின்னால் போனால், பிரிட்டிஷார் அமைத்திருந்த மலாயன் யூனியன் கலைக்கப்பட்டு மலாயாக் கூட்டரசு அமைந்தது 1948 பிப்ரவரி 1. மூன்றும் ஒரே தேதி! நட்சத்திரம் பார்க்க வேண்டாம், இவை மூன்றும் அரசு ஆணைகள். ஆணைகள் மாதத்தின் முதல் தேதியில்தான் நடப்புக்கு வரும், அப்போதுதான் சம்பளப் பட்டியலும் கணக்குப் புத்தகமும் ஒழுங்காக இருக்கும். இப்படித்தான் ஏப்ரல் 1 என்று பார்த்தாலும் ஒரு கூட்டம் நிற்கும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து விடுபட்டு லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனது 1867 ஏப்ரல் 1, பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1, மலாயன் யூனியன் தொடங்கியது 1946 ஏப்ரல் 1. பிரிட்டிஷ் அரசின் நிதியாண்டு அந்த மாதத்தில் தொடங்குகிறது. ஜார்ஜ் டவுன் மாநகரானது 1957 ஜனவரி 1. எல்லாம் எழுத்தர்களின் நாட்கள். ஒரு தேதி மாதத்தின் முதல் நாளாக இருந்தால் நான் ஆச்சரியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

அதே பிப்ரவரி 1-இல்தான் 2003-இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் தரையிறங்கும் வழியில் சிதறியது. அதை யாரும் குறிக்கவில்லை. 2021-இல் மியன்மார் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிப்ரவரி 1. அதைக் குறித்தார்கள், புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த நாள் அது. பாருங்கள், ஒரே தேதியின் கீழ் ஒன்று விபத்து, ஒன்று சதி, மூன்று அலுவலகக் காகிதம். பலகையில் எல்லாம் ஒரே மாதிரி நாலு வரியாகத்தான் தெரியும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றியது 1786 ஆகஸ்ட் 11. அவர் அந்தத் தீவில் வந்து இறங்கியது ஜூலை மாத நடுவில். காட்டை வெட்டித் திருத்திக்கொண்டு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தவர், கொடியேற்றத்துக்கு ஆகஸ்ட் 11-ஐப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனவர், பிறந்தநாள் ஆகஸ்ட் 12. பிறந்தநாளுக்கு முந்தின நாள் கொடியை ஏற்றி, தீவுக்கே வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்துவிட்டார். மேலிடத்தைக் குளிர்விக்கத் தேதி குறிப்பது 1786-லேயே இருந்த பழக்கம். (அவர் கொடி ஏற்றிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டையில், 1941 டிசம்பரில் பிரிட்டிஷார் சொல்லாமல் கொள்ளாமல் பினாங்கைவிட்டுப் போன பிறகு, யூனியன் ஜாக்கை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர், ஒரு நாளிதழின் ஆசிரியர். இது ஒரே இடம் பற்றிய கதை, ஒரே நாள் பற்றியது அல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.)

ஆகஸ்ட் 31-ம் குறித்த நாள்தான். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தையை முடித்துவிட்டு, 1956 பிப்ரவரி 20 அன்று மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் அந்தத் தேதியை அறிவித்தார். 1957-இல் அது நடந்தது. ஆறு ஆண்டு கழித்து மலேசியா அமைக்கும்போதும் அதே ஆகஸ்ட் 31-ஐத்தான் முதலில் குறித்திருந்தார்கள், ஒரே நாளில் இரண்டு கொண்டாட்டம் என்று. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்த்தன. வட போர்னியோ (இன்றைய சபா), சரவாக் மக்களின் விருப்பத்தை ஐ.நா. குழு ஒன்று நேரில் கேட்டறிய வேண்டியிருந்தது. அந்த வேலை முடியாததால் தேதி செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது. இடையில் 1963 ஆகஸ்ட் 31 வந்தபோது வட போர்னியோ தன்னாட்சி பெற்றது, சிங்கப்பூரில் பிரதமர் லீ குவான் இயூ தாமே சுதந்திரம் என்று அறிவித்துவிட்டார். அதனால்தான் ஒரே ஆகஸ்ட் 31-இல் இத்தனை சுதந்திரங்கள். குறித்த நாளின் எச்சம் அது.

தள்ளிப்போன செப்டம்பர் 16-இல்தான் வேடிக்கை. லீ குவான் இயூ பிறந்தது 1923 செப்டம்பர் 16. மலேசியா பிறந்த அன்று அவருக்கு 40 வயது நிறைந்தது. முதலில் குறித்த தேதியிலேயே நடந்திருந்தால் இந்தப் பொருத்தம் வந்திருக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்ததும் 1916 செப்டம்பர் 16. சங்கீதம் கேட்கும் வீடுகளில் மலேசிய தினமும் எம்.எஸ். பிறந்தநாளும் சேர்ந்தே வரும். 2010 முதல் அன்றைக்குப் பொது விடுமுறை வேறு, ஆற அமரக் கேட்கலாம்.

இந்திய சுதந்திர தினத்தையும் இப்படிப் பார்க்கலாம். மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தது தம் பெருமைக்காக. தென்கிழக்காசியப் போர்முனையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர், ஜப்பான் பணிவதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15, அதன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்று அந்த நாளைப் பிடித்தார். தென்கொரியாவும் 1948-இல் அதே நாளில் தன் அரசை அறிவித்தது, அதே காரணத்துக்காக. ஆகவே இந்தியாவும் கொரியாவும் ஒரே நாளில் கொடி ஏற்றுவதற்குப் பின்னால் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஒரு வானொலிப் பேச்சு இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் பிறந்ததும் 1872 ஆகஸ்ட் 15. அதை மவுண்ட்பேட்டன் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெர்மானியர்களுக்கு நவம்பர் 9 என்று ஒரு நாள் உண்டு, விதியின் நாள் என்றே சொல்வார்கள். மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல தேதி எனக்குத் தெரியாது, ஏனென்றால் குறித்தது, ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது, தற்செயல் என்று மூன்று வகையும் அதற்குள் இருக்கின்றன. 1918 நவம்பர் 9 அன்று கைசர் மன்னர் விலகியதாக அறிவிப்பு வந்தது, குடியரசு பிறந்தது. அந்த நாளை மனத்தில் வைத்துக் கொதித்துக்கொண்டிருந்த ஹிட்லர் 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பி, 9 அன்று தெருவில் தோற்றார். ஆட்சிக்கு வந்த பிறகு ஆண்டுதோறும் அந்த நாளில் பழைய கட்சிக்காரர்கள் மியூனிக்கில் கூடுவார்கள். 1938-இல் அப்படிக் கூடியிருந்தபோதுதான் பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் அதிகாரி இறந்த செய்தி வந்தது. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கெபல்ஸ் எழுந்து பேசினார், அன்றிரவு நாடெங்கும் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இடங்களும் நொறுக்கப்பட்டன. தலைவர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இல்லாதிருந்தால் இத்தனை வேகத்தில் உத்தரவு பறந்திருக்காது. ஒரு நவம்பர் 9 அடுத்ததை இழுத்து வந்தது.

ஆனால் 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது வெறும் குளறுபடி. கிழக்கு ஜெர்மன் கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, சரியாகப் படிக்காத ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பத்திரிகையாளர்களிடம் பயண விதித் தளர்வு உடனே நடப்புக்கு வருகிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் முறையாக வரவேண்டியது அது. மக்கள் அன்றிரவே எல்லைக்குப் போய் நின்றுவிட்டார்கள். அவர் காகிதத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் நவம்பர் 10 ஆகியிருக்கும். இத்தனை சுமை ஏறிய தேதி வேண்டாம் என்றுதான் ஒருங்கிணைந்த ஜெர்மனி தன் தேசிய தினத்தை அக்டோபர் 3-இல் வைத்துக்கொண்டது. நாளைக் குறிப்பது போல நாளைத் தவிர்ப்பதும் உண்டு.

அப்புறம் நாட்காட்டி. டிசம்பர் 24 வந்தால் நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்ததும் 1524 டிசம்பர் 24. முதல் இரண்டும் சரி. மூன்றாவது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 1582-இல்தான் வந்தது. மாற்றிப் பார்த்தால் 1525 ஜனவரி 3 ஆகிறது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-இல் ஒன்றாக இறந்தார்கள் என்பதும் இந்த ரகம்தான். ஸ்பெயின் புதிய நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். இரண்டுக்கும் நடுவே 10 நாள் இடைவெளி. 1582-க்கு முந்தைய ஐரோப்பியத் தேதியையும், 1752-க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதியையும், 1918-க்கு முந்தைய ரஷ்யத் தேதியையும் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

கடிகாரத் தொல்லை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8, பேர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7 என்று படிக்கிறோம். படித்தால் ஹவாய் முந்தியது போலத் தோன்றும். உண்மையில் கோத்தா பாருதான் முந்தியது, ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் தேதிக்கோடு இருப்பதால் பின்னால் நடந்ததற்கு முந்தின தேதி. நம் கடிகாரமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. போருக்கு முன் அனைத்துலக நேரத்தைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தோம், ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள், போர் முடிந்ததும் பழையபடி ஆனது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்கு முள்ளை அரை மணி தள்ளி நள்ளிரவு ஆக்கினார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் தீபகற்ப மலேசியாவில் இல்லவே இல்லை. அந்த அரை மணியில் இங்கே யாரும் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

பாரதி விஷயமும் இதில் சேரும். அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, ஏறக்குறைய 1:30 மணிக்கு. ஆங்கிலக் கணக்கில் அது 12. பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் கணக்கு, அதில் அது 11. தமிழ்நாடு அரசு 2021-இல் 'மகாகவி நாள்' என்று அறிவித்தது செப்டம்பர் 11-ஐ. இரண்டையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், யாராவது ஒருவர் வந்து தேதி தப்பு என்று சண்டை போடுவதற்கு முன்னால்.

பினாங்கில் இருப்பவர்கள் டிசம்பர் 26-ஐ மறக்க மாட்டார்கள். 2004-இல் சுமத்ரா கடலில் பூமி அதிர்ந்தது நம் நேரம் காலை 9 மணிக்குக் கொஞ்சம் முன்னால், அலை பினாங்குக் கரைக்கு வந்தது மதியம். மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கில்தான். சரியாக ஓராண்டு முன்னால், 2003 டிசம்பர் 26 அன்று, ஈரானில் பாம் நகரமே நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இந்த இரண்டையும் வைத்துச் சோதிடம் எழுதியவர்கள் உண்டு. பஞ்சாங்கத்தைத் திறந்தாலே அது நிற்காது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி, 2003 டிசம்பர் 26 அமாவாசை கழிந்து மூன்று நாள். ஆங்கிலத் தேதிக்குத்தான் ஒன்று, திதிக்கு வேறு. ராசி பலன் சொல்ல வேண்டியவர் திதியை விட்டுவிட்டு ஜனவரி டிசம்பரைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் சிரிப்பைத் தரும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் சில நாட்கள் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். என்னை உலுக்கிய இரண்டைச் சொல்கிறேன். துன் வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். 1948 ஜூன் 16 அன்று, அதே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் அதன் அருகே இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது, இரண்டு நாளில் நாடு முழுக்கப் பரவியது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சம்பந்தனுக்கு அன்று 29 வயது. பின்னாளில் ம.இ.கா. தலைவராகி, சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர் அவர். அவர் பிறந்த ஊரில், அவர் பிறந்த தேதியில், தோட்டத்தில் வெடித்த துப்பாக்கி. யாரும் குறித்ததில்லை, நாட்காட்டிக் கோளாறும் இல்லை.

இரண்டாவது மே 4. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது 1799 மே 4. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக அவசரகாலச் சட்டத்தின் கீழ் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது 1949 மே 4. நடுவில் சரியாக 150 ஆண்டு. பிரிட்டிஷாரை எதிர்த்து இறந்த இருவர் என்று சேர்த்துப் பேச நாக்கு துடிக்கும். ஆனால் புடு சிறையில் தேதி குறித்தவர் திப்புவை நினைத்திருப்பார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சேர்த்துப் பேசுவது நாம்தான். காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்ததை நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது காந்தி ஜயந்தியோடு அது பொருந்துவதால். அவர் அக்டோபர் 5-இல் மறைந்திருந்தால் தேதி பலருக்கு நினைவிருக்காது. அமெரிக்காவில் முன்னாள் அதிபர்கள் ஜெபர்சனும் ஆடம்ஸும் 1826-இல் ஒரே நாளில் இறந்தார்கள், அது அவர்கள் கையெழுத்திட்ட சுதந்திரப் பிரகடனத்தின் 50-ஆவது ஆண்டு நிறைவான ஜூலை 4. இன்றுவரை அங்கே பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

கணக்கு சொல்கிறேன் என்றேன் அல்லவா. உலக வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த 1,000 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 366 தேதிகளில் கண்ணை மூடிக்கொண்டு இறைத்துவிடுங்கள். சராசரியாக ஒரு தேதிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாக விழும். ஆனால் சீராக விழாது. நிகழ்தகவுப்படி ஏறக்குறைய 24 தேதிகள் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருக்கும். இரண்டு மூன்று தேதிகளில் எட்டோ அதற்கு மேலோ குவிந்திருக்கும். அந்த இரண்டு மூன்றைத்தான் ஊர் முழுக்கப் பேசும். வெறுமையான 24-ஐப் பற்றி யாரும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை.

செப்டம்பர் 11 அப்படிக் குவிந்த நாள். 1893-இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். 1906-இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் இந்தியர்கள் கூடி, டிரான்ஸ்வால் அரசின் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள், காந்தியின் சத்தியாக்கிரகம் அங்கே தொடங்குகிறது. 1921-இல் பாரதி. 1948-இல் ஜின்னா மறைந்தார். 1957-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 1973-இல் சிலியில் ராணுவம் அயந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. 2001-இல் நியூயார்க் கோபுரங்கள். முதல் விமானம் மோதியபோது அங்கே காலை 8:46, கோலாலம்பூரில் சரியாக 12 மணி நேரம் முன்னால் இரவு 8:46, செய்தி நேரம். இங்கேயும் அது 11-தான். விவேகானந்தரையும் அந்த விமானங்களையும் ஒரே நூலில் கோத்துக் கட்டுரை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அந்த எழுத்தாளரின் மேசையில் மட்டும்தான் இருக்கிறது.

பலகைக்கு என் யோசனை ஒன்று. நாலு வரியையும் ஒரே மாதிரி எழுதாமல், குறித்த நாள் என்றால் யார் குறித்தார்கள் என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி 1-க்கு அது எளிது, ஆகஸ்ட் 31-க்கு மிக எளிது. ஜூன் மாதம் மாமன்னர் பிறந்தநாளுக்கு மாணவர்களையே தேடச் சொல்லலாம்: இப்போதைய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் பிறந்தது 1958 நவம்பர் 22, விடுமுறை மட்டும் ஜூன் முதல் திங்கள். எட்டாம் எண்ணுக்குப் பயந்த அந்தப் பையனிடம் வகுப்பில் எல்லாருடைய பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே தேதி வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 35 பேர் என்றால் ஐந்தில் நான்கு. ஆறாம் ஆண்டில் அத்தனை பிள்ளைகள் இல்லை என்றால் ஐந்தாம் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளட்டும்.